வேளியில் காத்திருந்த வள்ளம்

அப்பா, இன்று காலையில் உங்கள் வேட்டி ஒன்றைக் கிழித்தேன். கோபப்படாதீர்கள், காரணம் உண்டு. உங்கள் பேத்தி பகவதி தலைப்பேற்றுக்கு வருகிறாள். பிறக்கிற பிள்ளையைப் புதுத்துணியில் ஏந்தக் கூடாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணிதான் அதன் உடம்புக்கு ஆகும் என்று அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதுவுமில்லாமல் இந்த யுத்தகாலத்தில் புதுத்துணியை யார் கண்டார்கள்? பெட்டியின் அடியில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த உங்கள் வேட்டிகளில் ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று கிழிந்தது. கிழிந்த இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. ஊறின தேங்காய்த் தொண்டும் சேறும் கொஞ்சம் மீனும் கலந்த வாடை, நம் புத்தனாற்றின் வாடை. நீங்கள் போய் எத்தனை மழைக்காலம் ஆகிவிட்டது, எத்தனை முறை இதைச் சோப்புப் போட்டு அலசியிருப்பேன்! ஆறு இன்னும் உங்கள் வேட்டியை விட்டு இறங்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை வந்து பார்த்தார். "என்ன, மாமாவா?" என்றார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். நல்ல மனிதர், அப்பா. நீங்கள் என்னை அவருக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஊருக்கெல்லாம் அது பார்வதி புத்தனாறு. நமக்கு வெறும் ஆறு. யாராவது வாய்தவறி அதை வாய்க்கால் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு முகம் கடுத்துவிடும். "ஆண்டவன் இங்க ஒரு ஆறு வெட்ட மறந்துட்டான். ராணி ஞாபகமா வெட்டி வச்சாளாக்கும்" என்பீர்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு துணிமூட்டையோடு நடந்து வந்த நீங்கள், அந்தத் தண்ணீரைப் பார்த்த அன்றைக்கே இனி இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டதாக அத்தை சொல்வாள். ஆலப்புழையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் புறப்படுகிற வள்ளங்களெல்லாம் கடைசியில் வந்து முட்டி நிற்கிற இடம் நம் வள்ளக்கடவு. அரிசியும் கொப்பரையும் நல்லமிளகும் இங்கே இறங்கி மாட்டுவண்டி ஏறிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும். மனிதர்களும் இங்கேதான் இறங்குவார்கள். கச்சேரிக்கு வழக்காட வருகிறவர்கள், கோவிலுக்கு வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் வள்ளம் ஏற்பாடு செய்வது உங்கள் தொழில். உங்கள் வள்ளங்களின் கூரை முகப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஊருக்கு நீங்கள் வள்ளம் பிள்ளை. தூரத்தில் வரும்போதே பிள்ளையின் வள்ளம் என்று அடையாளம் தெரியும்.

நம் தெருவை அந்தத் தண்ணீர்தான் கட்டியது. எந்த வீட்டைப் பார்த்தாலும் முகப்பு ஆற்றுக்கு, முதுகு ரோட்டுக்கு. கோலம் போடுவது ஆற்றங்கரையில், வாழைமரம் கட்டுவது ஆற்றங்கரையில், சண்டை பிடிப்பதும் ஆற்றங்கரையில். ரோட்டுப் பக்கம் வெறும் மண்சுவர், அதில் வரட்டி காயும். வருகிறவர்கள் தண்ணீர் வழியாக வரும்போது அங்கே வாசல் எதற்கு? ஆறாட்டுக்குச் சுவாமி சங்குமுகக் கடலுக்கு எழுந்தருளுகிற அன்றைக்கு மட்டும் எல்லாரும் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவோம்.

கடவில் புன்னை மரத்தில் ஒரு சேகண்டி தொங்கியது. அது உங்கள் பொறுப்பு. வளைவில் வள்ளத்தின் மூக்கு தெரிந்ததும் அடிக்க வேண்டும். சரக்கு என்றால் ஒற்றை அடி, ஆள் என்றால் இரட்டை அடி. ஒற்றை அடி கேட்டால் சுமைக்காரர்கள் எழுந்து தலைத்துண்டைச் சுற்றுவார்கள். இரட்டை அடி கேட்டால் பெண்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடுவார்கள், யார் வீட்டு விருந்து என்று பார்க்க. சோற்றுக்கு உலை வைத்திருந்த அத்தை எத்தனை தரம் அப்படி ஓடி, அரிசியைக் குழைய விட்டிருக்கிறாள்!

எனக்குக் கல்யாணம் ஆகி நான் கொல்லத்துக்குப் போனதும் அந்த வழியாகத்தான். தாயில்லாத பெண். நீங்கள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள், நானும் உங்களுக்காக அப்படியே நின்றேன். வள்ளத்தில் மெத்தை விரித்து, குடிக்கத் தண்ணீர்ச் செம்பு வைத்து, ராந்தலின் திரியைத் தட்டிப் பார்த்து, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நாலு பக்கமும் தேடினீர்கள். கடைசியில் குனிந்து என் காதில் சொன்னீர்கள்: "வர்க்கலைத் துரப்புக்குள்ள நல்ல இருட்டா இருக்கும், மக்களே. அழணும்னா அங்க வச்சு அழுதுக்கோ. ஒருத்தரும் காண மாட்டா." குன்றைக் குடைந்து போன அந்த நீர்வழிக்குள் வள்ளம் நுழைந்ததும் நான் ஆசை தீர அழுதேன். பக்கத்தில் இருந்த உங்கள் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளிச்சத்துக்கு வந்ததும் ஒன்றும் தெரியாதவர்போல வெளியே பார்த்தார்.

அதற்குள் சாக்கைக்கு ரயில் வந்துவிட்டது. நம் கடவிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் காற்று திரும்பினால் விசில் கேட்கும். உங்களுக்கு அந்தச் சத்தமே ஆகாது. "கரி தின்னுட்டு ஓடக்கூடிய சாதனமாக்கும் அது. மனுஷன் ஏறி உக்காரலாமா?" என்று கடவில் நின்று எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். முதல் வருஷம் சிரித்தவர்கள் அடுத்த வருஷம் சிரிக்கவில்லை. சரக்கு ஒவ்வொன்றாக ரயிலுக்கு மாறியது. நம் தெருவில் ஒவ்வொருவராக ரோட்டுப் பக்கத்துச் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். படுத்திருந்த மனிதன் புரண்டு படுப்பதுபோல் தெரு முழுக்க மெல்லத் திரும்பியது. நம் வீடு மட்டும் அப்படியே இருந்தது. "வீட்டுக்கு முதுகுல ஒரு வாசலா? நல்ல கூத்து!" என்றீர்கள்.

நான் முழுகாமல் இருந்தேன். முதல் பிள்ளை. ஏழாம் மாதச் சடங்குக்கு நம் வீட்டார் வந்து பொங்கிப்போட்டுத் திரும்பிய பிறகு, பேற்றுக்கு அழைத்துவர உங்கள் வள்ளங்களிலேயே நல்லதைத் தேர்ந்து, அத்தையை அதில் ஏற்றிக் கொல்லத்துக்கு அனுப்பினீர்கள். தெருவின் முறைப்படி நீங்கள் வரக் கூடாது. தலைப்பேற்றுக்கு வருகிற மகளைத் தகப்பன் வேளிக் காயல் வரை வேறொரு வள்ளத்தில் போய் எதிரேற்க வேண்டும். இரண்டு வள்ளமும் உரசி நிற்க, வேப்பங்கொத்தை இந்த வள்ளத்திலிருந்து அந்த வள்ளத்துக்கு மாற்றிக் கட்டி, பக்கத்திலேயே துணையாக வந்து கடவில் சேர்க்க வேண்டும். அந்த எதிரேற்பைப் பெறாத மகள் நம் தெருவில் இல்லை.

அத்தை வந்த வள்ளம் காற்றில் அகப்பட்டு அஞ்சுதெங்குக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாள் முழுதாக ஆகும் முன்பே எனக்கு உதிரம் கண்டது. என் மாமியார் பயந்துவிட்டாள். "வள்ளமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ரயில்ல கொண்டு போ. அப்பன் வீட்டுல ஆளும் பேரும் தயாரா இருப்பா" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் தந்தி ஆபீசுக்கு ஓடிப்போய் உங்களுக்குக் கம்பி அடித்தார், இன்று சாயங்காலம் வந்து சேருவோம் என்று. ரயிலில் என்று அதில் இல்லை. கொல்லத்தில் ரயில் விசில் கேட்டே வளர்ந்தவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வள்ளக்கடவில் இருந்த உங்களுக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அத்தை போன வள்ளம் திரும்பி வரவேண்டிய நேரத்துக்கு அந்தக் கம்பி கச்சிதமாகப் பொருந்தியது.

நீங்கள் செய்ததில் ஒன்றையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். வழியில் வள்ளம் ஆடி நோவு எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, பேறு பார்க்கும் நாணியையும் உங்களோடு அழைத்துக்கொண்டீர்கள். ஒரு தகப்பனுக்கு இதைவிட முன்யோசனை எங்கே இருக்கும்? நாணியின் மருந்துப் பொதி, அத்தை கிழித்து அடுக்கி வைத்திருந்த பழந்துணி, வெந்நீருக்கு உருளி எல்லாம் வள்ளத்தில் ஏறின. வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டுக் கதீஜா உம்மாவிடம் கொடுத்துவிட்டு, வள்ளக்காரன் அப்பு கழுக்கோல் ஊன்றித் தள்ள, வேப்பங்கொத்தோடு வேளிக்குப் போனீர்கள்.

ரயில் வேளிக்குப் பக்கத்தில் காயலின் ஒரு கையைப் பாலத்தில் தாண்டும். எனக்கு அப்போது இடுப்பு விட்டுவிட்டு வலித்துக்கொண்டிருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். வெயில் தாழ்ந்து தண்ணீர் செம்பு நிறத்தில் கிடந்தது. தள்ளி ஒரு வள்ளம் நின்றது, ஓடாமல், காத்திருப்பதுபோல். கூரை முகப்பில் சிவப்பாக ஒரு துணி. "அது அப்பாவுடைய வள்ளம் மாதிரி இருக்கு" என்றேன். "வலியில அப்பாவ நெனச்சுக்கிட்டு இருக்கே. கொஞ்சம் பொறுத்துக்கோ, ஊருக்கு எத்திட்டோம்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. அவர் சொன்னது சரி என்றே நானும் நினைத்தேன். பாலம் முடிந்து தென்னை வந்து மறைத்தது.

சாக்கையில் எங்களுக்காக யாரும் இல்லை. வண்டி பிடித்து வந்தோம். வண்டிக்காரன் ரோட்டோடு வந்து நம் வீட்டுக்கு நேராக நிறுத்தினான். அங்கே சுவர். வரட்டி தட்டிய கை அடையாளங்களோடு நீளமான மண்சுவர். இரண்டு பக்கத்து வீடுகளிலும் புது வாசல் இருக்கிறது, நம் வீட்டுக்கு இல்லை. என்னைத் தாங்கிக்கொண்டு அவர் சந்து வழியாகச் சுற்றினார். அந்தச் சந்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் இருக்கிறதே அப்பா, அதை நான் உங்களிடம் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

முகப்பு வாசலில் பூட்டு. என்னைப் படியில் உட்கார வைத்துவிட்டு அவர் புன்னை மரத்துக்கு ஓடினார். கூப்பிட்டால் ஆள் வரும் என்று சேகண்டியை அடித்தார், விடாமல் அடித்தார். ஒற்றையாவது இரட்டையாவது, கொல்லத்துக்காரருக்கு என்ன தெரியும்? தெரு முழுக்கக் கேட்டது. ஆள் வந்தாச்சு, பிள்ளையின் மகள் வந்தாச்சு என்று பெண்களெல்லாம் விளக்கும் ஆரத்தியுமாகச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். வந்து வரிசையாக நின்று, எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் இருந்தேன். கத்த எனக்குக் குரல் வரவில்லை.

"எந்தா இது, மணி அடிக்குது, வள்ளத்தைக் காணோமே?" என்று கதீஜா உம்மாதான் முதலில் திரும்பினாள். திரும்பியவள் ஆரத்தித் தட்டை அப்படியே கீழே போட்டாள். "பேடிக்காதே மோளே, நான் உண்டு, நான் உண்டு" என்று அவள் சொன்னது இன்றைக்கும் எனக்குத் தெம்பு. பூட்டைத் திறந்து என்னை உள்ளே எடுத்தார்கள். பேறு பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தியும் அங்கே இல்லை. தெரிந்தவள் வேளியில் உங்களோடு இருந்தாள். வெந்நீருக்கு உருளி இல்லை, ஏந்தத் துணி இல்லை. கதீஜா உம்மா தன் தலையைப் போர்த்தியிருந்த தட்டத் துணியை உருவி, அதில்தான் அவனை ஏந்தினாள். ஆண். உங்கள் மூக்கு, அப்பா, அப்படியே உங்கள் மூக்கு. அவன் அழவில்லை. அவள் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அவன் அழவே இல்லை.

உங்களுக்குச் சொல்ல ஒருவன் கரையோடு வேளிக்கு ஓடியிருந்தான். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். கையில் வேப்பங்கொத்து வாடாமல் இருந்தது. உள்ளே வந்து என்னைப் பார்த்தீர்கள், கதீஜா உம்மாவின் மடியைப் பார்த்தீர்கள். தோளில் கிடந்த வேட்டியை எடுத்து உதறி, அந்தத் தட்டத்தின் மேலேயே அவனைச் சுற்றினீர்கள். குளிர்ந்துவிடும் என்பதுபோல நன்றாகச் சுற்றினீர்கள். ஆற்றோரம் தாழம்புதருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நீங்களும் அப்புவும் மட்டும்.

நாணி என்னிடம் ஒரு தரம் சொன்னாள், மாதம் திகையாத, நாள் நிறையாத பிள்ளை, நான் இருந்திருந்தாலும் கையில் நிற்குமோ என்னவோ என்று. அது ஆறுதலுக்குச் சொன்னதா உண்மையா என்று எனக்குத் தெரியாது. உங்களிடமும் சொல்லியிருப்பாள். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

மறுநாள் கண்விழித்தபோது ஒரே சத்தம். நீங்கள் கடப்பாரையால் ரோட்டுப் பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டிருந்தீர்கள். கூலியாட்கள் வந்து, விடுங்க மொதலாளி, நாங்க பாத்துக்கிடுதோம் என்று கேட்டும் கொடுக்கவில்லை. உடம்பெல்லாம் மண். வாசல் வைக்க வேண்டிய அளவு இடித்த பிறகும் இடித்தீர்கள். காற்று நின்றதும் கொல்லத்துக்குப் போய் விவரம் அறிந்து, ரயில் பிடித்துச் சாயங்காலம் வந்து சேர்ந்த அத்தைதான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போரும் அண்ணா. இனி வீடு விழுந்துரும்." அன்றைக்கே சேகண்டியை மரத்திலிருந்து இறக்கினீர்கள். பிறகு அது உப்புமாங்காய்ப் பரணிக்கு மூடியாயிற்று. அத்தை அதைக் கீழே வைக்கும்போதெல்லாம் சத்தம் வராமல் துணி போட்டு வைப்பாள்.

அதற்கப்புறம் நீங்கள் சாயங்காலந்தோறும் சாக்கை ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தீர்கள். நம் தெருவே வாயடைத்துப் போயிற்று. ரயில் என்றாலே முகத்தைத் திருப்புகிறவர், வெளுத்த வேட்டி கட்டி, ஒரு மாட்டுவண்டியைப் பேசி வெளியே நிறுத்திவிட்டு, பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்! நமக்கு யாரும் வருவதாக இல்லை. தனியாக இறங்குகிற பெண், வயிற்றுச் சுமையோடு இறங்குகிறவள், கைக்குழந்தைக்காரி, இப்படி யாரைக் கண்டாலும் போய்க் கேட்பீர்கள்: "கூட்டிப் போக ஆள் வந்திருக்கா, மக்களே?" ஆள் வந்திருந்தால் சரி. இல்லை என்றால் வண்டியில் ஏற்றி வீடு வரை போய் விட்டுவிட்டு வருவீர்கள். கரமனை அக்கிரகாரத்து மாமி ஒருத்தி பின்னாளில் என்னைக் கடைத்தெருவில் பிடித்து நிறுத்தி, "நீ அவரோட பொண்ணாடி? மழையில என்னையும் கொழந்தையையும் எங்காத்துல கொண்டு விட்டாரே, பேரைக் கேக்கக்கூட மறந்துட்டேன்" என்று கண் கலங்கினாள். வள்ளம் பிள்ளை என்று இருந்தவரைத் தெருக்காரர்கள் ஸ்டேஷன் பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாக, பிறகு கேலி இல்லாமல்.

பகவதி வயிற்றில் இருந்தபோது நீங்களே கொல்லத்துக்கு வந்தீர்கள், ரயில் ஏறி. தெருவின் முறையெல்லாம் உங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்போது என்னை ஓரத்தில் உட்கார வைத்து, வழி முழுக்க என் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு இருந்தீர்கள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. கழக்கூட்டம் தாண்டியதும் மறு கையால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். வேளிப் பாலத்தில் வண்டி ஏறியதும் சத்தம் மாறியது. காயல் வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள், நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"இங்கேருந்து பாத்தா அங்க நிக்கிற வள்ளம் தெரியுமா, மக்களே?"

"தெரியாதுப்பா. தென்னை மறைக்கும்" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நம்பினீர்களா, எனக்காக நம்பியதுபோல் இருந்தீர்களா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் மறைப்பதற்குத் தென்னை ஏது? அதைத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தால் நூறு தரமும் அதையேதான் சொல்வேன்.

பகவதி நல்லபடியாகப் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். நீங்கள் ரோட்டு வாசலில் நின்று, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அழுதீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் கணக்கெழுத வேலை கிடைத்ததும் நாங்கள் இங்கேயே வந்துவிட்டோம். அதன்பின் ரயில் சாக்கையில் நிற்காமல் தம்பானூர் வரை நீண்டது. உங்களுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் பேத்தியைக் கைப்பிடித்துக்கொண்டு தம்பானூருக்கும் நடந்தீர்கள். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி உளுத்தன. கடற்கரை மணலைச் சமன் செய்து ஆகாயக் கப்பல் இறங்க இடம் பண்ணினார்கள். தலைக்கு மேலே அது போகும்போது நீங்கள் அண்ணாந்து பார்த்து, "இதுல வாறவங்களை எங்க நின்னு எதிரேக்கது?" என்று நிஜமாகவே கவலைப்பட்டீர்கள். நாங்கள் சிரித்தோம்.

நீங்கள் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அப்பு வந்து படித்துறையில் உட்கார்ந்தான். அவனுக்கும் கிழடு தட்டிவிட்டது. அன்றைக்கு வேளியில் நடந்ததை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

"மொதலாளிக்கு அன்னைக்கு பெருத்த சந்தோஷம் மோளே. வள்ளத்தை நிப்பாட்டிப் போட்டு வடக்கே பாத்துக்கொண்டு இருந்துச்சு. அப்போ பாலத்துல ரயில் போச்சு. மொதலாளி அதை நோக்கிச் சிரிச்சுது. 'பாத்தியாலே அப்பு, எத்தனை பெட்டி, எத்தனை ஜனம்! இதுல வாற ஒருத்தியையாவது எதிரேக்க யாராச்சும் காயல்ல காத்து நிப்பானா? பாவம்' அப்படின்னு சொல்லிச்சு." அப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் ஒருத்தன் கரையில ஓடிவந்து, மோள் வீட்டுக்கு வந்தாச்சுன்னு கூவினான். வேறொண்ணும் சொல்லல்ல. மொதலாளி திரும்பி வாற வழி முழுக்கச் சிரி. 'எப்படிலே நம்மை முந்திக்கிட்டா, கள்ளி' அப்படின்னு சிரி. கடவுல விளக்கும் கூட்டமும் கண்டதும், பிள்ளை பொறந்தாச்சுலே, ஊன்றுன்னு எழும்பி நின்னுட்டு. அந்தச் சிரி இப்பவும் என் காதுல உண்டு."

நான் பாலத்தில் இருந்து பார்த்த பாதி என்னிடம் இருந்தது. காயலில் இருந்து பார்த்த பாதியை அப்பு கொடுத்துவிட்டுப் போனான். போன மழையில் அவனும் போய்விட்டான். இரண்டு பாதியும் இப்போது என்னிடம் மட்டுந்தான் இருக்கின்றன. நான் உங்களைப் பார்த்தேன் அப்பா. நீங்கள் நான் இருந்த பெட்டியைப் பார்த்துப் பாவம் என்றீர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். சில நாள் இதை நினைத்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சில நாள், என் வயிற்றில் அவன் உயிரோடு இருந்த அந்த நிமிஷத்தில் அவனுடைய தாத்தா அவனுக்காகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனுக்கும் எதிரேற்பு நடந்திருக்கிறது. வேப்பங்கொத்து மட்டும் மாறவில்லை.

பகவதி தென்காசியிலிருந்து இன்று சாயங்கால வண்டியில் வருகிறாள். கம்பியில் ரயில் என்றும், எந்த ரயில் என்றும் தெளிவாக எழுதச் சொல்லி முன்பே சொல்லியிருந்தேன், எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தம்பானூருக்கு நான் போகிறேன். முன்னாலேயே இறங்கிவிட்டால்? பேட்டையில் உங்கள் மாப்பிள்ளை நிற்பார். ரயில் தவறி பஸ்ஸில் வந்துவிட்டால்? பழவங்காடியில் கதீஜா உம்மாவின் மகன் கடையை அடைத்துவிட்டு நிற்கிறான். நாணியின் மகள், ஆஸ்பத்திரியில் வேலை பழகினவள், பழந்துணியும் உருளியுமாக நம் வீட்டிலேயே இருக்கிறாள். என்ன நடந்தாலும் வாசற்படி தாண்டக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ரோட்டு வாசல் விடிந்ததிலிருந்து திறந்தே கிடக்கிறது. "பிள்ளை பொறக்கப் போகுதா, இல்ல படை வரப் போகுதா?" என்று கேட்டார் உங்கள் மாப்பிள்ளை. கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் புறப்படும் முன்பு ஆற்றுப் பக்கத்து வாசலைத் திறந்தேன். திறந்து வருஷக்கணக்காகிறது, தாழ் துருவேறி அசையவே இல்லை, விளக்கெண்ணெய் விட்டு இழுத்தேன். தண்ணீர் வற்றிப் பாசி பிடித்துக் கிடக்கிறது. வள்ளம் ஒன்றும் இல்லை, வரவும் வராது. பரணி மூடியாகக் கிடந்த சேகண்டியைக் கழுவி மறுபடியும் புன்னையில் தொங்கவிட்டேன். படியில் ஒரு விளக்கு வைத்தேன். வள்ளத்தின் சிவப்புத் துணிக்குப் பதிலாக உங்கள் வேட்டியில் கிழித்த ஒரு துண்டைப் புன்னைக் கிளையில் கட்டினேன்.

எல்லா வழிக்கும் ஆள் போட்டிருக்கிறேன். கடவுக்கு மட்டும் யாரையும் போடவில்லை, அப்பா. அங்கே நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.